பேர்த்திக்கு நட்சத்திரம் வாங்காதே

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. வெள்ளவத்தையில் பெரிய புதினம் ஒன்றுமில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மகள் தெகிவளைக்கு வீடு மாறிவிட்டாள். பேரன் பள்ளி விட்டதும் நேரே இங்கேதான் வருகிறான், பின்னேரம் முழுக்க என்னோடு ஒரே கதை.

சரி, நீ கேட்ட விசயம். பேர்த்தியின் பிறந்தநாளுக்கு அவள் பெயரில் ஒரு நட்சத்திரம் வாங்கலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம் மச்சான். இணையத்தில் நட்சத்திரப் பெயர் விற்பவர்கள் தருவது வடிவாக அச்சடித்த ஒரு தாள், அவ்வளவுதான். வானியலாளர் எவரும் அந்தப் பெயரைப் பாவிப்பதில்லை. விண்பொருள்களின் பெயர்களை அங்கீகரிப்பது சர்வதேச வானியல் ஒன்றியம். அது எந்தப் பெயரையும் காசுக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் மனிதரின் பெயர் வானத்தில் ஏற ஓர் உண்மையான வழி இருக்கிறது. அது சிறுகோள்களின் வழி. பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றும் பாறைகள். ஒன்றைப் புதிதாகக் கண்டவுடன் பெயர் வைத்துவிட முடியாது. முதலில் ஒரு தற்காலிக அடையாளம் கிடைக்கும்: கண்ட ஆண்டு, பிறகு ஆங்கில எழுத்துகள். முதல் எழுத்து எந்த அரை மாதம் என்று சொல்லும். ஜனவரி முதல் பாதி 'ஏ', இரண்டாம் பாதி 'பி', இப்படியே போகும். 'ஐ' மட்டும் ஒன்று என்ற இலக்கத்தோடு குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். பல வருடம் கவனித்துப் பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு, பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து வருடம் உண்டு. ஒன்றியத்தின் குழு ஒன்று பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் பெயர் நிற்கும்.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: அரசியலாலும் படையாலும் பேர் பெற்றவர்கள் இறந்து நூறு வருடம் போக வேண்டும். ஆட்சி மாற மாற வீதிகளின் பெயர் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நூறு வருடத்தின் அருமை எங்களுக்கு விளங்கும். பெயர் பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும், வியாபாரப் பெயர் கூடாது, வளர்ப்புப் பிராணிகளின் பெயரைத் தவிர்க்க வேண்டும் என்பவையும் இருக்கின்றன.

இந்த ஒழுங்கு தொடக்கத்தில் இருக்கவில்லை. 1801 ஜனவரி முதலாம் திகதி சிசிலியின் பலெர்மோவில் பியாசி என்ற வானியலாளர் முதலாவது சிறுகோளைக் கண்டபோது, சீரிஸ் என்ற தெய்வத்தின் பெயரோடு தன் அரசர் பெர்டினாண்டின் பெயரையும் சேர்த்து வைத்தார். மற்ற நாட்டு வானியலாளர்கள் தெய்வத்தை வைத்துக்கொண்டு அரசரை விட்டுவிட்டார்கள். 1885இல் வியன்னாவின் பலிசா என்பவர் சூரிய கிரகணம் பார்க்கப் போகப் பணம் சேர்ப்பதற்காக, தான் கண்ட சிறுகோளுக்குப் பெயர் வைக்கும் உரிமையை ஐம்பது பிரித்தானியப் பவுணுக்கு விற்பதாக அறிவித்தார். ரோத்சைல்ட் பிரபு வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார். இன்றும் அது 250 பெட்டினா. பலிசா மேல் எனக்குக் கோபமில்லை, கிரகணத்துக்காகத்தானே செய்தார். என்றாலும் அந்தக் கதவை அடைத்தது நல்லது.

நீ இலக்கியம் படிப்பித்தவன், இது உனக்குப் பிடிக்கும். வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னும் பின்னும் இரண்டு சிறுகோள் கூட்டங்கள் சுற்றுகின்றன. ஒன்றுக்கு ஹோமரின் காவியத்தில் வரும் கிரேக்க வீரர்களின் பெயர், மற்றதற்கு ட்ராய் வீரர்களின் பெயர். இந்த ஒழுங்கு வருவதற்கு முன்னமே பெயர் வைத்துவிட்டதால், ஹெக்டர் கிரேக்கர் கூட்டத்திலும் பட்ரோக்ளஸ் ட்ராய்க் கூட்டத்திலும் இன்றுவரை எதிரிகளுக்கு நடுவில் சுற்றுகிறார்கள்!

எங்கள் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். 1861இல் சென்னை வானாய்வகத்திலிருந்து பொக்சன் கண்ட சிறுகோளுக்கு ஆசியா என்று பெயர், ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் அதுதான். 1988 பெப்ரவரியில் தமிழ்நாட்டின் காவலூரில் ராஜமோகன் ஒன்றைக் கண்டார். அது கணித மேதையின் பெயரில் 4130 ராமானுஜன். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகரின் நினைவாக 1958 சந்திரா இருக்கிறது. கண்டது ஆர்ஜென்டினாவில். ஜப்பானில் கண்ட 4538க்கு 2015இல் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரை வைத்தார்கள். கொலம்பியா விண்கலத்தில் இறந்த ஏழு விண்வெளி வீரர்களுக்கும் அடுத்தடுத்த எண்களில் பெயர் கொடுத்தார்கள், கல்பனா சாவ்லா 51826. இலங்கையில் பிறந்த வானியலாளர் ரே ஜயவர்தனவின் பெயரில் 4668 ரேஜே. எங்கள் பார்ன்ஸ் பிளேசில் வாழ்ந்து கனத்தை மயானத்தில் அடக்கமான விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கு 4923. அவருடைய புகழ்பெற்ற நாவலின் தலைப்பில் வரும் 2001 என்ற எண் அதற்கு முன்னமே ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டது. எண் கிடைத்தவை எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன, பெயர் கிடைத்தவை அதில் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்குக்குள் பள்ளி மாணவர்களும் அவர்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்களும்கூட இருக்கிறார்கள். அமெரிக்காவில் நடக்கும் விஞ்ஞானப் போட்டிகளில் வென்ற பிள்ளைகளின் பெயரை லீனியர் என்ற ஆய்வுத்திட்டக்காரர் தாங்கள் கண்ட பாறைகளுக்கு வைத்தார்கள். நோபல் பெற்றவரும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே பட்டியலில் ஒரே மரியாதையோடு இருப்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் நிறைகிறது.

ஆகவே, பேர்த்திக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக்கொடு. வெஸ்டா என்ற பெரிய சிறுகோள் பூமிக்கு அருகில் வரும் மாதங்களில் அதை வைத்துப் பார்க்கலாம், நல்ல இருட்டான இடத்தில் சில வேளை வெறுங்கண்ணுக்கே தெரியும். அது எப்போது வரும் என்று பார்த்து நான் எழுதுகிறேன். வெஸ்டாவைக் கண்டவர் ஒல்பர்ஸ், பெயர் வைக்கும் பாக்கியத்தை அதன் பாதையைக் கணித்த கணிதவியலாளர் கவுசுக்கு விட்டுக்கொடுத்தார் என்பதையும் அவளுக்குச் சொல். இன்னொன்றும் சொல்: நாசா 2023இல் மண் எடுத்துவந்த பென்னு என்ற சிறுகோளுக்கு அந்தப் பெயரைச் சொன்னது ஒன்பது வயதுப் பையன். பிள்ளைகளுக்கென்று வைத்த போட்டியில் வென்றான். அப்படிப் போட்டி ஏதும் மறுபடி வந்தால் நானே உனக்கு அறிவிப்பேன்.

ஆடிவேலுக்கு வரப்போவதாகச் சொன்னாய். டிக்கெட் போட்டதும் திகதியை எழுது, மேல் அறையை ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும். தங்கச்சியை நான் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்