அது செல்லோ இல்லை, டபுள் பேஸ்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்காவின் 'டைம் ஃபார் த்ரீ' என்ற தந்தி வாத்திய மூவர் குழுவைப் பற்றி வந்த குறிப்பில் ஒரு தவறு. படத்துக்குக் கீழே 'இரண்டு வயலின், ஒரு செல்லோ' என்று போட்டிருக்கிறீர்கள். ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் அந்த வாத்தியம் டபுள் பேஸ். செல்லோ என்றால் உட்கார்ந்து முழங்காலுக்கிடையில் வைத்து வாசிப்பார்கள்.

பெயர்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. வழக்கமான தந்தி மூவர் குழுவில் வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, செல்லோ இருக்கும். இவர்களிடம் மேலே இரண்டு வயலின், கீழே பாதாளத்தில் ஒரு பேஸ். நடுவில் எதுவும் இல்லை. டிரம்ஸும் கிடையாது. அப்படியென்றால் இவர்கள் வாசிக்கும் பாப் பாட்டுக்குத் தாளம் எங்கிருந்து வருகிறது? பேஸ்காரர் பல இடங்களில் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகிறார். ஒரு வயலின்காரர் வில்லின் பிடிப்பக்கத்தைத் தந்திமேல் 'சக்' என்று போட்டு எடுக்கிறார். ஸ்வரம் வராது, தட்டு மட்டும் கேட்கும். 'சாப்' என்பார்கள், புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் வயலின்காரர்கள் பழக்கிவிட்டது. பத்து வருஷம் கர்நாடக வயலின் கற்ற தைரியத்தில் நானும் செய்து பார்த்தேன். வில்லில் இரண்டு ரோமம் அறுந்தது. அடுக்களையிலிருந்து "என்ன உடைஞ்சுது?" என்று குரல் வந்தது.

இவர்கள் வாசிப்பது 'செவ்வியல் இசையின் நீர்த்த வடிவம்' என்று குறிப்பில் இருந்த வரியும் உறுத்தியது. குழுவைத் தொடங்கிய மூவரும் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைப் பள்ளியில் படித்தவர்கள். 2003இல் அந்த ஊரில் திறந்தவெளிக் கச்சேரி ஒன்றில் இடி மின்னலோடு மின்சாரம் போனபோது, அவர்களில் இருவர் மேடையில் நாட்டுப்புற மெட்டுகளை வாசித்துக் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருந்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜெனிஃபர் ஹிக்டன் இவர்களுக்கென்றே ஒரு கான்சர்ட்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு, எழுதினார். இன்னொரு இசையமைப்பாளர் கெவின் பட்ஸ் எழுதிய கான்சர்ட்டோ, வில் தந்தியைத் தொடுமுன் மூவரும் சொல்லில்லாமல் பாடுவதில் தொடங்குகிறது. இவ்விரண்டும் உள்ள ஆல்பத்துக்கு 2023இல் கிராமி விருது கிடைத்தது.

கலப்பு என்று முகம் சுளித்தால் நம் கச்சேரி மேடையில் வயலினே இருக்கக் கூடாது. பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு வந்ததுதானே அது. அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரோ ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு சாஹித்யமே எழுதி வைத்தார்.

குறை இல்லாமல் இல்லை. பாப் பாட்டு என்றால் மெல்ல ஆரம்பித்து, கடைசி ஒரு நிமிஷம் மூவரும் வில் முறிகிற வேகத்தில் இழுப்பது இவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. மூன்றாவது பாட்டிலேயே எங்கே கைதட்ட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

குறிப்பை எழுதியவர் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பாரோ என்று சந்தேகம். அதில் பேஸின் அடிநாதம் வரவே வராது. நானும் முதல் தடவை அப்படிக் கேட்டுவிட்டு, ஏதோ ஒல்லியாக இருக்கிறதே என்று மூடி வைத்தேன். பையனின் ஹெட்போனைப் போட்டதும்தான் தரை அதிர்ந்தது. அவருக்கும் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். அப்புறம் படக்குறிப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி