டேங்க் விஷயமாக

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் ஊம் கொட்டிவிட்டு வைத்துவிடுவாய்.

நீ அனுப்பிய பைக் டேங்க் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒழுகுவது அடிமடிப்பில், பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்புக்குப் பின்னால். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அது இறங்கித் தங்கும் இடம் அதுதான். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். பாதி டேங்கோடு நிறுத்தாதே என்று எத்தனை முறை சொன்னேன்? 'தானே' புயல் அடித்தபோது கொட்டகையில் கிடந்தும் தப்பித்த டேங்க் அது. 1996-ஓடு யமஹா ஆர்.எக்ஸ். 100 வருவதே நின்றுவிட்டது, புதுசு எங்கே தேடுவது?

டேப்பை நீயே கழற்றி, வாஷரை ஒரு மூடியில் பத்திரப்படுத்தியிருக்கிறாய். அதைப் பார்க்கச் சந்தோஷம். சோப்பைத் தேய்த்து அடைத்தது வீடு வந்து சேர மட்டும்தான். வண்டியை எடுக்காதே.

வண்டியின் நிழல் சக்கரத்துக்கு அடியிலேயே விழுந்திருக்கிறது. உச்சி வெயில். அன்றைக்குப் புதன்கிழமை. ஷிஃப்ட் மாற்றியிருப்பார்கள். அம்மா துருவை மட்டும்தான் பார்த்தாள்.

காலி டேங்க்தானே என்று வெல்டிங் பட்டறையில் நீட்டாதே. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசு. அப்புறம் வினிகரை நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, நட்டு போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கு. எண்ணிப் போடு, எண்ணி எடு. கடைசியாகச் சோடா உப்புத் தண்ணீர். உடனே காயவைக்காவிட்டால் கண்ணெதிரே மறுபடி செம்மண் நிறமாகிவிடும்.

ஓட்டையைப் பித்தளையை உருக்கி ஊதி அடைத்த பிறகுதான், உள்பக்கம் பூச்சாகப் படியும் சீலரை ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றினால் சூட்டில் கருகிவிடும். காசு அனுப்பினால் கோபித்துக்கொள்வாய், அதனால் சீலரை நானே வாங்கி வைத்துவிட்டேன்.

யோசித்தால், அந்த மாடி வீட்டில் இதையெல்லாம் எங்கே செய்வாய்? திருப்பாதிரிப்புலியூரில் ஊதுகிறவர் நமக்குத் தெரிந்தவர். உன் ஊரில் வெல்டிங் மட்டும் வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன். டேங்கை மட்டும் கழற்றி, நன்றாக அலசிக் காயவைத்து, சாக்கில் சுற்றி எடுத்து வா. பெட்ரோல் வாடை அடித்தால் கண்டக்டர் ஏற்றமாட்டார். வார நாளாக இருந்தாலும் சரி.

அப்பா