முகப்பை மட்டும் பார்த்துப் பட்டியலிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் எவற்றைப் பாரம்பரியக் கட்டடங்களாக அறிவித்துக் காப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம், வீட்டுக்கு என்ன வயது, கட்டியவர் யார், முகப்பு எவ்வளவு அழகு என்ற மூன்று கேள்விகளோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. இவ்வட்டாரத்தில் ஒரு வீட்டின் பங்காளிகளில் ஒருவனான எனக்கு இந்த மூன்றுமே இரண்டாம்பட்சமாகத்தான் படுகின்றன.

நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறு ஆண்டு வயது கேட்கிறது. கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் அது சரி. உள்ளூர்ப் பட்டியலுக்கும் அதையே அளவுகோலாக்கினால், 1941-இல் கட்டப்பட்ட காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடுகூடத் தேறாது. 1942-இல் ஜப்பானியரிடம் ரங்கூன் வீழ்ந்து, செட்டியார்களின் பர்மா வட்டித் தொழில் முறிவதற்குச் சற்று முன்பு எழுந்தவை என்பதாலேயே அந்தக் கடைசிக் காலத்து வீடுகளை விட்டுவிடக் கூடாது.

பார்க்க வேண்டியது வீட்டின் உள்ளே இருக்கிறது. முகப்பு, பட்டாலை என்ற முன்கூடம், வளவு என்ற உள்முற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்க்கோட்டில் போகும் வாசல்கள். வளவைச் சுற்றி, புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை. நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைநீர் வந்து விழும் முற்றம். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்தெடுத்த ஆத்தங்குடிக் கல். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர். இவை ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் வரையில்தான் அது செட்டிநாட்டு வீடு. ஆனால் கழற்றி விற்க எளிதானவையும் இவைதாம்.

எங்கள் பட்டாலையில் எட்டுத் தேக்குத் தூண்கள் இருந்தன. பணமுடை வந்த நேரத்தில் நான்கு தூண்கள் பழம்பொருள் வியாபாரியின் லாரியில் ஏறின. அதைத் தடுக்காதவர்களில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்று அந்த இடத்தில் இரும்புக் குழாய்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. பக்கத்திலுள்ள அடிக்கற்களில் தூண் மறைத்திருந்த வட்டம் மட்டும் நேற்றுச் செதுக்கியது போலப் பளிச்சென்று தெரிகிறது. தெருவிலிருந்து பார்ப்பவருக்கோ எதுவும் குறையவில்லை, முகப்பில் சுதை லட்சுமி அப்படியே அமர்ந்திருக்கிறாள்.

ஆகவே, ஒரு வீட்டைப் பட்டியலில் சேர்க்கும் முன் குழுவினர் பின்வாசல் வரை நடந்து, நிலை, கதவு, தூண், தரைக்கல் என அனைத்தையும் எண்ணிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பங்காளிகள் அனைவரையும் கலந்து பேசுவதும் அவசியம். கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டுமே கூடுகிற, பல ஊர்களில் சிதறிய குடும்பத்திடம் அறிவிப்பாணையை மட்டும் நீட்டினால், ஓர் ஓட்டை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டுமோ என்ற அச்சத்தில், ஆணை வருவதற்குள் மீதியையும் விற்றுவிடுவார்கள். வீட்டுவரியில் சலுகையும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு ஓடு பிரித்து வேய உதவியும் கிடைத்தால் நிலைமை மாறும். சென்னை அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2010-இல் உயர் நீதிமன்றம் இடிப்பிலிருந்து காத்தது. பழுது பார்க்க ஆளின்றி அது அதன் பிறகும் சிதைந்துகொண்டுதான் இருந்தது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் உள்ளன. பாரம்பரிய ஆணையத்துக்கான மாநிலச் சட்டமோ 2012-லேயே இயற்றப்பட்டது. குழு எங்கள் ஊருக்கும் வருமானால், நான்கு தூண்களை இழந்த எங்கள் வீட்டை ஒதுக்கிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. அடுத்த தெருவில், முகப்புக் காரை பெயர்ந்து பாசி படிந்த வீடு ஒன்று இருக்கிறது. புகைப்படம் எடுக்க யாரும் அங்கே நிற்பதில்லை. அதன் வளவில் பன்னிரண்டு தூண்களும் இன்னும் நிற்கின்றன. அங்கே முதலில் போகட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.