ஆண்டின் சிறந்த நூல்கள்: பழைய நூல்களுக்கும் இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த 'இந்த ஆண்டின் சிறந்த நூல்கள்' பட்டியலை முழுவதும் படித்தேன். புதிய எழுத்தாளர்கள் பலருக்கு அதில் இடம் தந்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அதில் உள்ள நூல்கள் அனைத்தும் இவ்வாண்டில் அச்சானவை. பதிப்பகங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும், வாசிப்பவர்களுக்குப் பொருந்துவதில்லை. நூலகத்தில் கிடைப்பதையும், உறவினர் வீட்டு அலமாரியில் இருப்பதையும், பிள்ளைகள் சென்னையிலிருந்து வாங்கி வருவதையும் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த நாவல்கூட இந்த ஆண்டின் புதிய நூலாகவே அமைகிறது. ஆகவே இவ்வாண்டில் நான் படித்த புனைகதைகளிலும் பிற நூல்களிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானவற்றைக் குறிப்பிட்டு, இறுதியில் ஒரு வேண்டுகோளையும் வைக்க விரும்புகிறேன்.

நான் காரைக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் ஐயா, அதாவது என் அப்பச்சியின் (தந்தையின்) தகப்பனார், பர்மாவுக்குக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய) போனவர். இப்பகுதியின் பெரும்பாலான வளவுகளில் (பெரிய வீடுகளில்) இப்படி ஒருவரேனும் இருந்திருப்பார். வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் அவற்றைப் படம் எடுத்துப் போகிறார்கள். அந்தத் தேக்கை அனுப்பிய மனிதர்கள் அங்கே எப்படி உண்டார்கள், எதற்கு அஞ்சினார்கள், போர் வந்தபோது எந்த வழியாகத் திரும்பினார்கள் என்பதை அந்தத் தூண்கள் சொல்லமாட்டா. அதைச் சொன்னவை இவ்வாண்டில் நான் படித்த நூல்களே.

புனைகதையில் என் முதல் தேர்வு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்த இந்த நாவலின் ஆசிரியர் நமது சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். இளம் வயதிலேயே சுமத்ராவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போனவர். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரளும் கூட்டத்தோடு நாவல் தொடங்குகிறது. அங்கிருந்து பாண்டியன் என்ற இளைஞனின் வாழ்க்கை பினாங்குக்கும், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துக்கும், பின்னர் டச்சுக்காரர்களுக்கு எதிரான கொரில்லாப் போருக்கும் நகர்ந்து செல்கிறது. கடலில் தொங்கான் என்னும் பாய்மரக் கலம் புயலில் சிக்கும் பகுதியைப் படித்தபோது, காற்றும் நீரும் வாக்கிய அமைப்பையே உடைத்துக்கொண்டு வருவதை உணர்ந்து, அதை வாய்விட்டு மறுபடியும் படித்தேன். தமிழில் கடலை இவ்வளவு பக்கத்தில் நின்று எழுதிய வேறொரு பகுதி எனக்கு நினைவில் வரவில்லை.

ஆனால் என்னை அதிகம் அசைத்தவை போர்க்களப் பகுதிகளைக் காட்டிலும், பாண்டியன் தன் ஊரையும் மதுரைத் தெருக்களையும் நினைத்துக்கொள்ளும் பகுதிகள்தாம். சின்னமங்கலத்துச் சந்தையில் என்னென்ன விற்றன, யார் யார் வந்தார்கள், எந்தக் கடையில் என்ன மணம் வீசியது என்று அவன் மனம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறது. கடல் கடந்து போனவன் ஊரை இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பொருளீட்டப் போனவர்களைப் பற்றி நாம் அவர்கள் ஈட்டிய பொருளைக் கொண்டே பேசிவருகிறோம். அவர்களுடைய ஏக்கத்தை எழுதி வைத்தவர் சிங்காரம். நாவலில் குறை இல்லாமல் இல்லை. மதுக்கோப்பையோடு நடக்கும் சில உரையாடல்கள் அளவுக்கு மேல் நீள்கின்றன. பெண்கள் வந்து மறைகிறார்களே தவிர, அவர்கள் மனத்துக்குள் ஆசிரியர் நம்மை அழைத்துச் செல்வதில்லை. மலாய், டச்சுச் சொற்களும் பழந்தமிழ்ப் பாடல் வரிகளும் கலந்து வருவதால் தொடக்கப் பக்கங்கள் கடினமாகத் தோன்றக்கூடும். பொறுமையோடு அவற்றைக் கடந்துவிடும்படி இளம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் இதழின் பரிசு பெற்று 1959இல் வந்தது. விமரிசகர்கள் இதைப் பிந்தைய நாவலுக்கு ஒரு படி கீழே வைப்பது வழக்கம். கலை நயத்தை வைத்துப் பார்த்தால் அது சரியாகவும் இருக்கலாம். எனினும் செட்டிநாட்டு வாசகர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பினாங்கில் உள்ள வட்டிக்கடையும், அங்கே வேலை பார்க்கும் செல்லையாவும், முதலாளியின் மகள் மரகதமும் கதையின் நடுவில் நிற்கிறார்கள். கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாள், எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அமைந்த அந்தக் கடை வாழ்க்கை நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் துணுக்குகளாகக் கேட்டது. இங்கே முழு உருவில் எழுந்து நிற்கிறது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தப் போன செல்லையா இனி அடக்கமாகப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதுவானா என்ற முதலாளியின் ஐயம் ஒரு காதலை முறிக்கிறது. அந்த முதலாளியைக் கொடியவராகக் காட்டாமல், தன் தொழிலின் ஒழுங்கைத் தவிர வேறெதையும் அறியாத மனிதராகக் காட்டியிருப்பதால்தான் அந்த முறிவு இவ்வளவு வலிக்கிறது.

அண்மைக் காலப் புனைகதைகளில் இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைக் குறிப்பிட வேண்டும். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலை நான் தாமதமாகத்தான் படித்தேன். பொறியியல் படித்த ரேவதி வீட்டார் விருப்பத்துக்கு மாறாக ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். தலைமையாசிரியராக இருந்த அவளுடைய தந்தையிடம் பணம் இருக்கிறது. ஆனால் தீக்காயப் பிரிவின் வாசலில் அந்தப் பணத்தைக் கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. ரவி பர்மாவிலிருந்து திரும்பிய அகதிக் குடும்பத்தின் பிள்ளை. சொத்தை இழந்து பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களைப் பற்றி எங்கள் பகுதியில் நிறையப் பேசுவோம். சொத்தே இல்லாமல் உழைக்கப் போய், வெறுங்கையோடு திரும்பி, இங்கும் அயலாராகவே பார்க்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த நாவல் அவர்களைப் பற்றி நேரடியாக எழுதப்பட்டதன்று. ஆயினும் அந்தக் குடும்பத்தின் மீது மற்றவர்கள் கொண்டிருக்கும் இளக்காரம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

புனைகதை அல்லாத நூல்களில், இவ்வாண்டு நான் படித்த அனைத்திலும் மேலானதாகக் கருதுவது வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. பிளேட்டோவையும் கமால் அத்தாதுர்க்கையும் தமிழருக்கு அறிமுகம் செய்த அறிஞராகவே அவரை அறிந்திருந்தேன். இரங்கூனில் 'ஜோதி' என்ற மாத இதழை நடத்திய அவர், 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்நகரில் குண்டு வீசிய பிறகு, 1942இன் தொடக்கத்தில் தம் மனைவியுடன் புறப்பட்டு, மலைக்காடுகளைக் கடந்து இந்தியா வந்து சேர்ந்தார். அந்த மாதங்களில் பர்மாவை விட்டு நடந்து வெளியேறிய இந்தியர்கள் பல இலட்சம் பேர். வழியில் காலராவாலும் பசியாலும் மடிந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

இவ்வளவு பெரிய துயரத்தை அவர் எழுதும் முறைதான் என்னை வியக்க வைத்தது. குரலை உயர்த்துவதே இல்லை. எங்கே தங்கினார்கள், தண்ணீர் எப்படிக் கிடைத்தது, எதைச் சுமந்தார்கள், எதை விட்டுவிட நேர்ந்தது, உடன் வந்தவர்களில் உதவியவர் யார், ஒதுங்கிக்கொண்டவர் யார் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். நடக்கும் கூட்டத்துக்குள்ளேயும் பணமுள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு மறையவில்லை என்பதை அவர் பார்க்கத் தவறவில்லை. அவர் மனைவி இந்த நூலில் துணையாக மட்டும் வருபவரல்லர். அவருடைய துணிவே பல இடங்களில் இருவரையும் நடத்திச் செல்கிறது. நான் படித்து முடித்ததும் என் சிற்றப்பா மகளிடம் கொடுத்தேன். அவள் தன் கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்குச் சில பகுதிகளை இரவு உணவுக்குப் பின் படித்துக் காட்டியதாகச் சொன்னாள். சர்மாவின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் மலிவுப் பதிப்பு கொண்டுவர இயலும். நமது மாவட்டப் பள்ளி நூலகங்கள் ஒவ்வொன்றிலும் இதன் ஒரு படி இருக்க வேண்டும்.

அடுத்து, ஏ. கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911இல் பிறந்த இவர், இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்துவிட்டு, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937இல் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. படச்சுருள்களைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து 1940இல் படத்தை வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிற்காலத்தில் அவரே எழுதிய அந்த அனுபவங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு வெளியிட்டிருக்கிறது. சிறு சிறு வாக்கியங்கள். தன்னை எங்கும் முன்னிறுத்தாத நடை. தாம் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லாததால், அதை நாமே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கோட்டையூரில் இவர் பெயரை அறிந்த மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையின் 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' தன்வரலாற்றையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1942 ஆகஸ்டில் மக்கள் திருவாடானைச் சிறையை உடைத்து அவரை மீட்ட நிகழ்ச்சிக்காகவே தேவகோட்டைப் பக்கத்து இளைஞர்கள் அதைப் படிக்கலாம்.

இந்த நூல்களை அடுத்தடுத்துப் படித்தபோது ஒரு குறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்து போனவர்களைப் பற்றியவை. மூன்றாண்டுக் கணக்குக்கு ஆண்கள் கப்பலேறிய பிறகு, இங்கே பிள்ளைகளை வளர்த்து, வட்டி வரவு பார்த்து, கோயில் முறைகளையும் கல்யாணங்களையும் நடத்திய ஆச்சிமார்களின், அதாவது எங்கள் வீட்டுப் பெண்களின், குரல் இவற்றில் இல்லை. அவர்கள் எழுதிய கடிதங்களும் சாமான் பட்டியல்களும் பல வீடுகளின் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. வீடுகளை விற்கும்போது அவை பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒருவராக நின்று சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. ஆச்சிமார்களின் அந்தத் தாள்களையும் அதே கவனத்தோடு எவரேனும் தொகுத்துப் பதிப்பித்தால், ஒருநாள் என் ஆண்டுப் பட்டியலில் அதற்கே முதலிடம் தருவேன்.

இனி என் வேண்டுகோள். அடுத்த ஆண்டு இறுதியில், தங்கள் இணைப்பின் ஒரு பக்கத்தையேனும் வாசகர்கள் அவ்வாண்டில் படித்த நூல்களுக்கென ஒதுக்குங்கள். அவை எந்த ஆண்டு அச்சானவையாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சென்னை, மதுரை, கோவை வாசகர்களோடு நிறுத்திவிடாமல் தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் போன்ற ஊர்களிலிருந்து எழுதுபவர்களுக்கும் அதில் இடம் இருக்கட்டும். ஒவ்வொரு நூலுக்கும் எதிரே அது இப்போது அச்சில் இருக்கிறதா, எந்தப் பதிப்பகத்தில் கிடைக்கும் என்ற விவரத்தையும் சேர்த்து வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தும் நாங்கள், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய், இந்த நூல்களை வாங்கி வையுங்கள் என்று எங்கள் ஊர் நூலகரிடம் கேட்க அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
காரைக்குடி