அண்ணனோட கிட்னி விஷயமா

என்னடி, எப்படி இருக்க? நைட் டியூட்டி முடிச்சு வந்து உன் மெசேஜப் பாத்தேன், அப்புறம் தூக்கமே வரல. 4 செ.மீ. கட்டி, அதுவும் ரத்தக்குழாய் உள்ள நுழையுற ஹைலம்லயே இருக்கு, அதனால முழு கிட்னியையும் எடுத்துடலாம், ஒண்ணு போதும்னு டாக்டர் சொன்னார்னு எழுதியிருந்த. ஒண்ணு போதும்ங்கறது பொய் இல்லடி, தானம் குடுத்தவங்க நல்லாத்தான இருக்காங்க, ஆனா அவங்கள டெஸ்ட் மேல டெஸ்ட் எடுத்து சலிச்சு தேர்ந்தெடுக்கறாங்க, அண்ணனுக்கு இத்தன வருஷமா சுகர், பிபி, கிட்னி சரியா வடிகட்டலன்னா ரத்தத்துல ஏறுற கிரியாட்டினின் வேற 1.6. எனக்கு உறுத்துறது அதுதான்.

கிட்னிய விட்டுட்டு கட்டிய மட்டும் எடுக்கவும் வழி இருக்குடி, யூராலஜி தியேட்டர்ல நின்னு பாக்கறவ நான், அதனால சொல்றேன். வெளில துருத்திட்டு இருக்குற கட்டின்னா சர்ஜனுக்கு பாதி வேலை மிச்சம். உள்ள புதைஞ்சிருந்தா மேலருந்து ஒண்ணுமே தெரியாது, அல்ட்ராசவுண்ட் ப்ரோப கிட்னி மேலயே வச்சு நகத்தி நகத்தி எல்லைய குறிச்சுக்குவாங்க. அப்புறம் கிட்னிக்கு ரத்தம் போற ஆர்ட்டரில புல்டாக் கிளாம்ப்னு ஒரு கிளிப்ப போட்டு ரத்தத்த நிறுத்தினதும் ஒருத்தர் டைம் சொல்ல ஆரம்பிப்பார், அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு, செவப்பா இருந்த கிட்னி அப்படியே வெளிறிப் போகும், அதுக்குள்ள கட்டிய வெட்டி எடுத்து, திறந்துகிட்ட யூரின் பாதையையும் சின்ன ரத்தக்குழாயையும் தச்சு மூடணும். 25 நிமிஷம் தாண்டக்கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு, கூட ஆகும்னு தோணினா ஓபன் ஆபரேஷன்ல ஐஸ் தூள சுத்திப் போட்டு குளிர வச்சுடுவாங்க. ஹைலம்ல இன்னொரு கஷ்டம், மெயின் குழாய் ஒட்டியே இருக்கறதால தையல இழுத்து இறுக்க முடியாது, நசுங்கிடும். கிளாம்ப எடுத்ததும் நிறம் திரும்ப ஏறுதான்னுதான் தியேட்டரே பாத்துட்டு நிக்கும்.

இந்த கஷ்டத்த அளக்கவே 2009-ல ரீனல் ஸ்கோர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 4-லருந்து 12 வரைக்கும், மெயின் குழாய தொட்டுட்டு இருந்தா பக்கத்துல ஒரு ஹெச் சேத்துப்பாங்க. 10-க்கு மேல போனா யூரின் லீக், ரத்தக்கசிவு எல்லாம் கூடுதல்தான். சில பேருக்கு வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு திடீர்னு யூரின்ல ரத்தம் வரும், பெரும்பாலும் தொடை வழியா ட்யூப் விட்டு அந்தக் குழாய மட்டும் அடைச்சே சரி பண்ணிடுவாங்க. கை பழகின சர்ஜன்கள் பண்ணின ஹைலம் கேஸ்கள்ல கான்சர் திரும்ப வர்றது மத்த இடத்துக் கட்டிய விட பெருசா கூடிடல, கிளாம்ப் நேரம்தான் கூடுது.

இன்னொரு பக்கத்தயும் சொல்லிடறேன், நாளைக்கு யாராவது சொன்னா நீ குழம்பக்கூடாது. ஐரோப்பால 541 பேர வச்சு ஒரு ட்ரையல் நடந்துச்சு, 5 செ.மீ. வரைக்கும் உள்ள கட்டி, 2011-ல ரிசல்ட் வந்தப்போ 10 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது முழுசா எடுத்தவங்கள்ல 81.1 சதவீதம், கட்டிய மட்டும் எடுத்தவங்கள்ல 75.7. எல்லாரும் அசந்துட்டாங்க. ஆனா கிட்னி ரத்தத்த வடிகட்டற வேகம், ஈஜிஎஃப்ஆர்னு சொல்வாங்க, அது 60-க்கு கீழ இறங்கினது முழுசா எடுத்தவங்கள்ல 85.7 சதவீதம் பேருக்கு, மத்தவங்கள்ல 64.7 சதவீதம் பேருக்கு. ஆனா அவங்களுக்கெல்லாம் மறுபக்க கிட்னி நல்லா இருந்துச்சு, அண்ணனுக்கு அப்படி சொல்ல முடியுமா?

அதனால இடம் கஷ்டம்ங்கற ஒரே காரணத்துக்காக கையெழுத்து போட்டுடாதீங்கடி. முதல்ல டிடிபிஏ ஸ்கேன் எடுத்து எந்த கிட்னி எவ்வளவு வேலை பாக்குதுன்னு பாக்க சொல்லு. ஹைலம் கட்டிய அடிக்கடி பண்ற ஒரு சர்ஜன்கிட்ட செகண்ட் ஒப்பீனியன் வாங்குங்க, இந்த மாதிரி எத்தன பண்ணியிருக்கீங்க, நடுவுல முடியலன்னா முழுசா எடுக்க வேண்டி வருமான்னு நேராவே கேளுங்க, நல்ல டாக்டர் கோச்சுக்க மாட்டார். அவரும் முழுசாதான் எடுக்கணும்னா சரி, அப்ப தெரிஞ்சு எடுத்த முடிவு அது.

இங்க அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் ஆச்சு, இப்ப பேப்பர் படிக்கறாங்க. சி.டி. ஸ்கேன் டிஸ்க்க கூரியர்ல அனுப்பு, ரிப்போர்ட் மட்டும் போதாது, எங்க சீஃப்கிட்ட காட்டறேன். ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப், அண்ணி சரியா சாப்பிடறதில்லன்னு எழுதியிருந்தியே, அவங்ககிட்ட நானே பேசறேன்.