வழியில் ஏற்றிக்கொள்ளாத நண்பர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக் இசைக்குழுக்களின் சுற்றுப்பயணம் என்றாலே நம் நாளிதழ்களில் டிக்கெட் வசூலும் மேடை விளக்குகளும்தான் செய்தியாகின்றன. ஊர் ஊராகச் சுற்றும் அந்த வாழ்க்கை குழுவினரின் நட்பை என்ன பாடுபடுத்துகிறது, அந்த வேதனை எப்படிப் பாட்டாகிறது என்பதையும் தங்கள் இசைப் பக்கத்தில் எழுத வேண்டுகிறேன்.

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சிட் பாரெட். அக்குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர் இருவருமே கேம்பிரிட்ஜில் அவருடன் இளமையில் பழகியவர்கள். 1967-இல் ஓயாத கச்சேரிகளோடு எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் பழக்கமும் சேர்ந்துகொள்ள, சிட்டின் மனநிலை குலைந்தது. சில மேடைகளில் பாடாமலும் வாசிக்காமலும் வெறுமனே நின்றார். 1968 ஜனவரியில் சவுதாம்ப்டன் கச்சேரிக்குப் புறப்பட்ட காரில், சிட்டை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்று பதில் வர, கார் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமலே போய்விட்டது. பெரிய சண்டை நடந்து பிரிந்திருந்தால்கூட மனம் இவ்வளவு உறுத்தியிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, ஒத்திகையின்போது கில்மோரின் கிதாரில் எழுந்த நான்கு சுரங்களைக் கேட்டு, சிட்டை நினைத்து வாட்டர்ஸ் எழுதியதுதான் ஏறத்தாழ 26 நிமிடம் நீளும் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. 1975 ஜூன் 5 அன்று, அந்தப் பாடல் இடம்பெற்ற ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள், உடல் பருத்து, தலையையும் புருவங்களையும் மழித்திருந்த ஒருவர் வந்து நின்றார். அவர்தான் சிட் என்பது கூடவே வாசித்த நண்பர்களுக்கே சற்று நேரம் விளங்கவில்லை.

1977 ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில் ரசிகர் ஒருவர் மீது வாட்டர்ஸ் எச்சில் உமிழ்ந்ததும், அந்த அதிர்ச்சியிலிருந்து 'தி வால்' ஆல்பம் உருவானதும் பலரும் அறிந்ததே. அதன் பதிவின்போது குழுவிலிருந்து நீக்கப்பட்ட கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட், அடுத்து வந்த கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இருபதாண்டுகளுக்கும் மேலான பிரிவுக்குப் பின், 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் வாட்டர்ஸ், கில்மோர், ரைட், நிக் மேசன் நால்வரும் ஒன்றாக மேடையேறினர். 'விஷ் யூ வேர் ஹியர்' பாடலைத் தொடங்குமுன், இங்கே இல்லாத எல்லோருக்காகவும், குறிப்பாக சிட்டுக்காகவும் இதைப் பாடுகிறோம் என்று வாட்டர்ஸ் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.