செயலாளர் ஆண்டறிக்கை 2023-24: மணி ஐயரைப் படித்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு பொருள் என்று தொட்டுத் தொட்டுச் செல்வதை விடுத்து, மதுரையோடு தொடர்புடைய ஒருவரை ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டு படிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அதன்படி இவ்வாண்டு மணி ஐயர் என்று ஒரு தலைமுறையே அன்போடு அழைத்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயரைத் தேர்ந்தெடுத்தோம். அறிவிப்பு வெளியானதும் பலர் அவரை ‘இந்து’, ‘சுதேசமித்திரன்’ இதழ்களின் ஜி. சுப்பிரமணிய ஐயர் என்றே எண்ணிக்கொண்டனர். இருவரும் 1885-இல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்கள் என்பதால் இக்குழப்பம் இயல்பானதே. ஆனால் நம் ஊரில் பிறந்து, நம் ஊரில் பதினாறு ஆண்டுகள் வக்கீலாக இருந்த ஒருவரை நாமே மாற்றி அடையாளம் காணும் நிலை இருக்கிறது என்பதே அவரைத் தேர்ந்தெடுத்ததற்குப் போதுமான நியாயமாகச் செயற்குழுவுக்குத் தோன்றியது.

முதல் இரு கூட்டங்களும் அவருடைய மதுரைக் காலத்துக்கு ஒதுக்கப்பட்டன. அவர் 1842 அக்டோபர் 1 அன்று பிறந்தார். தந்தை இராமநாதபுரம் சமஸ்தானத்தின் முகவராக இருந்தவர். மகனுக்கு இரண்டு வயதாகும்போதே காலமாகிவிட்டார். மிஷன் பள்ளியிலும் பின்னர் ஜில்லாப் பள்ளியிலும் படித்த மணி ஐயர், எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் படித்து 1868-இல் சட்டப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு மதுரையில் தொழில் தொடங்கினார். நகரசபையிலும் கோயில் நிர்வாக விவகாரங்களிலும் அவர் காட்டிய அக்கறை அவரை ஜில்லாவெங்கும் அறியச் செய்தது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். அதே ஆண்டு மனைவியை இழந்த அவர், 1885-இல் மதுரையை விட்டுச் சென்னையில் குடியேறினார். அவ்வாண்டின் இறுதியில் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் கூடிய 72 பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். சட்டசபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்னும் பொருளில் அங்கு உரையாற்றினார். இதை உறுப்பினர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஜனாதிபதிக்கு அவர் எழுதிய கடிதத்தின் வித்து இங்கேதான் இருக்கிறது என்பது இவ்வறிக்கையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து.

1888-இல் சர்க்கார் வக்கீல் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. மயிலாப்பூரில் அவர் வீட்டில் சனிக்கிழமைதோறும் வக்கீல்கள் கூடி அண்மைத் தீர்ப்புகளை அலசுவார்கள். அக்கூட்டங்களிலிருந்துதான் 1891-இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்தது. வக்கீல் தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் இதழ் இப்படி ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சில் உருவானது என்பதை ஒருவர் எடுத்துச் சொன்னபோது கூட்டம் கலகலப்பானது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி ஐயர் 1895 ஜனவரியில் காலமானதும், அந்த இடத்துக்கு மணி ஐயர் நியமிக்கப்பட்டார். 1907 நவம்பர் வரை அப்பதவியில் இருந்த அவர் 1899, 1903, 1906 ஆகிய மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். 1900-இல் கே.சி.ஐ.இ. பட்டம் கிடைத்தது, ‘சர்’ என்னும் அடைமொழி அதனால் வந்தது.

அவருடைய தீர்ப்புகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முழுதாக விவாதிப்பது என முடிவு செய்து, 1904-இல் பதிவான வித்யாபூர்ண தீர்த்த சுவாமி எதிர் வித்யாநிதி தீர்த்த சுவாமி வழக்கைத் தேர்ந்தெடுத்தோம். மடத்தின் சொத்தில் மடாதிபதிக்கு உள்ள உரிமை எத்தகையது என்பதே அதில் எழுந்த கேள்வி. அவர் வெறும் தர்மகர்த்தாதானா, அல்லது தம் ஆயுள் வரை ஒருவகைச் சொத்துரிமை உடையவரா? பாஷ்யம் ஐயங்காருடன் அமர்ந்து தீர்ப்பளித்த மணி ஐயர், மடாதிபதியை வெறும் தர்மகர்த்தா என்று கொள்ள மறுத்து, ஆங்கிலச் சட்டத்தில் பிஷப்பின் பதவிக்கு உள்ளதைப் போன்று, ஆள் மாறினாலும் பதவி தொடரும் ஒரு சட்ட உருவமாக அவரைக் கண்டார். 1921-இல் லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வேறொரு வழக்கில் இவ்வொப்புமையை ஏற்கவில்லை. மடாதிபதி தர்மகர்த்தா அல்லர் என்பதை ஒப்புக்கொண்டாலும், அவரை நிர்வாகி அல்லது காவலர் என்ற நிலையில் வைத்தது. இங்கிலாந்துச் சட்டத்தின் சட்டையை நம் மடத்துக்குப் போட்டுப் பார்த்ததே தவறு என்று ஓர் உறுப்பினரும், இந்து சமய நிறுவனத்தின் தனித்தன்மையைச் சட்ட மொழியில் காப்பாற்ற அன்று அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான் என்று மற்றொருவரும் வாதிட, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது. என் கருத்து இரண்டாமவர் பக்கம் சாய்கிறது. ஆயினும் மடச் சொத்துகள் பின்னாளில் பாழாவதற்கு இத்தகைய பார்வை இடம் கொடுத்திருக்கக்கூடும் என்ற முதலாமவரின் எச்சரிக்கை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மணி ஐயரே ஓய்வுக்குப் பின் 1908-இல் அமைந்த தர்ம ரட்சண சபை வழியாகக் கோயில், மடச் சொத்துகளின் சீர்கேட்டை எதிர்த்து நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீதிபதியாக இருந்த ஆண்டுகளில் அவர் பொது வாழ்விலிருந்து அடியோடு விலகியிருந்தார் என்று கொள்வதற்கில்லை. 1897 பிப்ரவரியில் மேலைநாட்டுப் பயணம் முடிந்து சென்னை வந்த விவேகானந்தரை எழும்பூரிலிருந்து ஊர்வலமாக அழைத்துச் சென்ற வண்டியில் உடன் அமர்ந்திருந்தவர் நீதிபதி சுப்பிரமணிய ஐயர்தாம். பிரம்மஞான சபையில் (தியோசாபிகல் சொசைட்டி) அவருக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. 1907 முதல் 1911 வரை அதன் துணைத் தலைவராக இருந்தார். 1907-இல் அவர் நீதிபதிப் பதவியை விட்டு விலகியது கண் பார்வை மங்கியதால்தான். அச்சபையின் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையாரோடு வளர்ந்த நட்பு, ஓய்வுபெற்று வீட்டில் இருந்திருக்க வேண்டிய மனிதரை மீண்டும் அரசியலுக்கு இழுத்து வந்தது.

1916 செப்டம்பரில் பெசன்ட் அம்மையார் தன்னாட்சி இயக்கத்தை (ஹோம் ரூல் லீக்) தொடங்கியபோது அதன் கௌரவத் தலைவர் பொறுப்பை மணி ஐயர் ஏற்றார். 1917 ஜூன் 16 அன்று கவர்னர் பென்ட்லண்டின் அரசு அம்மையாரையும் அவருடைய துணைவர்களான அருண்டேல், வாடியா ஆகியோரையும் காவலில் வைத்து ஊட்டியில் இருத்தியது. எட்டாம் நாள், ஜூன் 24 அன்று, மணி ஐயர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாதாரணத் தபாலில் அனுப்பினால் தணிக்கையில் சிக்கிவிடும் என்பதால், தாயகம் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் பிரம்மஞானிகளான ஹாட்ச்னர் தம்பதியிடம் அது ஒப்படைக்கப்பட்டது.

அந்தக் கடிதத்தைத் தமிழாக்கி, நவம்பர் கூட்டத்தில் முழுவதுமாக வாசித்தோம். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது வில்சன் ஜனநாயகம் பற்றிப் பேசியவற்றையே பிடித்துக்கொண்டு, அதே நியாயம் இந்தியாவுக்கும் உண்டா என்று அது கேட்கிறது. அந்நிய மொழி பேசும் அதிகாரிகள் தம் விருப்பத்தை நம்மீது திணிக்கிறார்கள், தமக்குத் தாமே பெருஞ்சம்பளம் வகுத்துக்கொள்கிறார்கள், கல்வியை மறுக்கிறார்கள், செல்வத்தை உறிஞ்சுகிறார்கள், நம் சம்மதமின்றி வரி சுமத்துகிறார்கள், தேசப்பற்றுடன் பேசியவர்களைத் துர்நாற்றம் வீசும் சிறைகளில் அடைக்கிறார்கள் என்று வரிசையாகக் குற்றம் சாட்டுகிறது. கையொப்பத்தின் கீழே தன்னாட்சி இயக்கத்தின் கௌரவத் தலைவர் என்பதோடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி, பலமுறை தற்காலிகத் தலைமை நீதிபதி என்பதும் இருக்கிறது. அரசு தந்த பதவியையே அரசுக்கு எதிரான சாட்சியின் தகுதிச் சான்றாக நிறுத்திய அந்த இரண்டு வரிகளை வாசித்தபோது, கூட்டத்தில் இருந்த வழக்கறிஞர்கள் சிரித்தேவிட்டார்கள்.

ஆனால் எல்லாரும் பாராட்டவில்லை. தன்னாட்சிக்கு உடனே வாக்குறுதி கிடைத்தால் மூன்று மாதத்தில் 50 லட்சம் பேரும், அடுத்த மூன்று மாதத்தில் மேலும் 50 லட்சம் பேரும் போர்முனைக்கு வருவார்கள் என்று கடிதம் சொல்கிறது. போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்களின் தொகையே பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான் என்றும், ஏழைக் குடியானவர் பிள்ளைகளைத் தலை எண்ணி விலை பேசியதாக இது ஆகாதா என்றும் ஓர் ஆசிரியர் கேட்டார். இக்கேள்விக்கு நியாயமான விடை யாராலும் சொல்ல முடியவில்லை. படைக்கு ஆள் சேர்ப்பதைப் பேரமாக வைப்பது அன்றைய தலைவர்கள் பலருக்கும் ஏற்புடையதாக இருந்தது என்பது விளக்கம் ஆகலாம், சமாதானம் ஆகாது.

அம்மையார் செப்டம்பரில் விடுதலையானார். டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகுவும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டும் சென்னை வந்தபோது, தன்னாட்சி இயக்கத்தின் சார்பில் தம்மைச் சந்திக்க வந்த மணி ஐயரை அக்கடிதத்துக்காக நேரிலேயே கடிந்துகொண்டனர். 1918-இல் விவகாரம் லண்டன் செய்தித்தாள்களில் அடிபட்டு நாடாளுமன்றத்துக்குப் போனதும், அது வெட்கக்கேடான கடிதம் என்று மாண்டேகு பொதுச்சபையில் கண்டித்தார். எழுபத்தைந்து வயது முதியவர் அதற்குப் பதிலாகத் தம் கே.சி.ஐ.இ. பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் தாகூர் சர் பட்டத்தைத் துறந்தது 1919 மே மாதத்தில். மணி ஐயர் துறந்தது அதற்கு ஓராண்டு முன்னர். நம் பாடநூல்களில் முன்னது தவறாமல் இடம்பெற, பின்னதற்கு ஒரு வரியும் கிடைப்பது அரிதாக இருக்கிறது. இது தாகூரைக் குறைத்துச் சொல்வதாகாது.

பட்டம் துறந்த நிகழ்ச்சியையே அவர் வாழ்க்கையின் உச்சமாக வைத்துப் பேசுவது மேடைக்கு எளிது. ஓராண்டு வாசிப்புக்குப் பின் எனக்கு அது போதாது என்று படுகிறது. 1885-இல் பம்பாயில் அவர் கேட்டதும் 1917-இல் வில்சனிடம் முறையிட்டதும் ஒரே கோரிக்கைதான்: வரி கொடுப்பவருக்குச் சட்டம் இயற்றுவதில் பங்கு வேண்டும். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டு நீதிபதி வாழ்க்கை அந்தக் கோரிக்கையை மழுங்கச் செய்யவில்லை. அரசை உள்ளிருந்து பார்த்தவர் என்னும் அதிகாரத்தை அதற்குக் கூட்டியது.

இறுதி ஆண்டுகளில் சுத்த தர்ம மண்டலம் என்னும் ஆன்மிக அமைப்பில் அவர் மூழ்கியிருந்தார். 1924 டிசம்பர் 5 அன்று காலமானார். சென்னை சென்ற உறுப்பினர்கள் சேப்பாக்கம் செனட் இல்ல வளாகத்தில் உள்ள அவருடைய சிலையைப் படம் எடுத்து வந்து, ஆண்டுக் கண்காட்சியில் வைத்தனர்.

வில்சன் கடிதத்தின் தமிழாக்கத்தைச் சிறு வெளியீடாகக் கொண்டுவரும் பணி முடியும் நிலையில் உள்ளது. அச்சுச் செலவு தொடர்பான விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் தனியே வைப்பார். வரும் ஆண்டு அவருடைய மதுரைக் காலத்து வழக்குகளைப் பற்றிய ஆவணங்களைத் தேடலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பழைய குடும்பங்களில் தீர்ப்பு நகல்களோ வக்காலத்துப் பத்திரங்களோ இருந்தால் உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், உரை நிகழ்த்தியவர்களுக்கும், முகம் சுளிக்காமல் வாதிட்டவர்களுக்கும் மன்றத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்